வடிந்த நீரின் வரலாறு

கொல்கத்தாவில் குடியேறி வாழும் தமிழ் நேயர்களுக்கு ஒரு காட்சி நன்கு பழக்கமானது. இனிப்புக் கடையின் பின்கட்டில் அகன்ற வாணலியில் பால் கொதிக்கிறது. அதில் முந்தைய நாள் எடுத்து வைத்த புளித்த நீரை ஊற்றுகின்றனர். பால் திரிகிறது. திரண்ட வெண்கட்டியைத் துணியில் முடிந்து தொங்கவிட்டால், இளம்பச்சை கலந்த மஞ்சள் நிறத்தில் நீர் சொட்டுச் சொட்டாக வடிகிறது. அந்தக் கட்டிக்குச் சானா என்று பெயர். அது ரசகுல்லாவாகவும் சந்தேஷாகவும் உருமாறிக் கண்ணாடிப் பெட்டிக்குள் சென்று அமர்கிறது. வடிந்த நீரோ, நாளைய பாலைத் திரிப்பதற்கு ஒரு பங்கு போக, பெரும்பாலும் சாக்கடைக்குச் செல்கிறது. தில்லியிலும் லூதியானாவிலும் பனீர் செய்யும் இடங்களில் இதே காட்சியைக் காணலாம்.

அதே நகரங்களின் பெரிய கடைவீதிகளில், தேகப் பயிற்சி நிலையங்களுக்கு அண்மையில், வேறொரு காட்சியும் உண்டு. பெரிய பெரிய டப்பாக்கள் அடுக்கி வைக்கப்பட்டிருக்கின்றன. ஒரு டப்பாவின் விலை இரண்டாயிரம், மூவாயிரம் ரூபாய். அதற்கு மேலும் உண்டு. உள்ளே இருப்பது ‘வே புரோட்டீன்’ எனப்படும் பொடி. முதற்காட்சியில் நாம் கண்ட வடிநீரின் இனத்தைச் சேர்ந்த நீரிலிருந்து பிரித்தெடுத்த புரதமே அது. தசையை வளர்க்கும் என்பது அதன் பழைய விளம்பரம். உடல் தனக்குத் தானே உண்டாக்கிக்கொள்ளும் ஆக்ஸிஜனேற்றத் தடுப்புப் பொருளைப் பெருக்கும் என்பது அண்மைக் காலத்தில் சேர்ந்த விளம்பரம். வேலையின்பொருட்டு வெளிமாநிலங்களில் தங்கி, தம் கையால் சமைக்க நேரமின்றி உழலும் நம் இளைஞர் பலர் இதனை நம்பி வாங்குகின்றனர். இந்தக் கூற்று எங்கே பிறந்தது, எவ்வளவு தூரம் மெய், எந்த இடத்தில் மெய்யை விட்டு விலகியது என்பதை இன்று வரலாற்று முறையில் ஆராய்வோம்.

பால் திரிந்தபின் பிரியும் நீரைத் தெளிநீர் என்றே இங்கு வழங்குவோம். தயிர்ச் சட்டியில் ஓரமாக நிற்கும் தெளிவும் இதன் உடன்பிறப்பே. ஆயுர்வேத நூல்கள் தயிர்த் தெளிவை ‘மஸ்து’ என்று அழைத்து அதன் குணங்களை உரைக்கின்றன. கிரேக்க மருத்துவ மரபில் ஹிப்போகிரட்டஸின் காலந்தொட்டே தெளிநீர் ஒரு மருந்தாக இருந்தது. பதினெட்டாம் நூற்றாண்டில் சுவிட்சர்லாந்து நாட்டில் இதற்கென ஓர் ஊரே பெயர் பெற்றது. ஆப்பென்ஸெல் பகுதியைச் சேர்ந்த காய்ஸ் என்னும் மலையூரில் 1749-ஆம் ஆண்டிலிருந்து தெளிநீர்ச் சிகிச்சை நடைபெறலாயிற்று. மலைமேய்ச்சல் நிலங்களில் ஆட்டுப்பாலைப் பாலாடைக் கட்டியாக்கிய இடையர்கள், வடிந்த நீரை மரக் குடங்களில் முதுகில் சுமந்துகொண்டு விடியற்காலையில் இறங்கி வருவார்கள். மேல்நாட்டுச் சீமான்களும் சீமாட்டிகளும் அதனைக் குவளை குவளையாகப் பருகிவிட்டு உலாவச் செல்வார்கள். அவர்களுக்குக் கிட்டிய நலத்தில் எவ்வளவு தெளிநீரால் வந்தது, எவ்வளவு மலைக்காற்றால் வந்தது என்பதை அக்காலத்தில் யாரும் அளந்து பார்க்கவில்லை.

பாலில் உள்ள புரதத்தில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு கேசீன். பால் திரியும்போது கட்டியாவது அதுவே. எஞ்சிய ஒரு பங்கு தெளிநீரில் கரைந்து நிற்கிறது. ஆயினும் நூறு லிட்டர் தெளிநீரில் புரதம் ஒரு கிலோவுக்கும் குறைவு. பால் சர்க்கரை நான்கைந்து கிலோ இருக்கும், மற்றதெல்லாம் நீர். ஒரு கிலோ பாலாடைக் கட்டி செய்தால் ஏறக்குறைய ஒன்பது லிட்டர் தெளிநீர் வடியும். சிற்றூர் இடையனுக்கு அது ஒரு தொல்லையன்று. பன்றிக்கு ஊற்றுவான், வயலுக்குப் பாய்ச்சுவான். ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பாலாடைக் கட்டி ஆலைத் தொழிலானபோது நிலைமை மாறியது. ஆற்றில் விடப்பட்ட தெளிநீர், நீரில் கரைந்துள்ள பிராணவாயுவை உறிஞ்சிக்கொண்டு மீன்களைக் கொன்றது. அளவுக்கு அளவு ஒப்பிட்டால், ஊர்ச் சாக்கடை நீரைக் காட்டிலும் நூறு மடங்குக்கு மேல் பிராணவாயுவை உண்ணக்கூடியது அது. 1972-இல் அமெரிக்கா தன் நீர்மாசுத் தடுப்புச் சட்டத்தைக் கடுமையாக்கியது. ஆற்றில் கொட்டும் வழி குறுகக் குறுக, ஆலை முதலாளிகள் இந்த நீரை என் செய்வது என்று திகைத்தனர். அவர்களுக்கு வழி பிறந்த கதையைப் பின்னர்ப் பார்ப்போம். அதற்கு முன், விளம்பரத்தின் மற்றொரு பாதியாகிய உடற்பொருளின் கதையை அறிதல் வேண்டும். இரண்டும் வெவ்வேறு மலைகளில் பிறந்து ஒரு சமவெளியில் கலக்கும் இரு ஆறுகள்.

1888-ஆம் ஆண்டில் பிரெஞ்சு ஆராய்ச்சியாளர் ஜோசப் தெ ரே-பயாத் என்பவர் ஈஸ்ட் எனப்படும் நொதியைக் கந்தகப் பொடியுடன் சேர்த்து அரைத்துப் பார்த்தார். சூடேற்றாமலே அழுகிய முட்டையின் நாற்றம் எழுந்தது. ஹைட்ரஜன் சல்பைடு என்னும் வாயு பிறந்துவிட்டது. உயிருள்ள பொருளில் கந்தகத்தை நாடிச் சேரும் ஏதோ ஒன்று இருக்கிறது என்று அவர் ஊகித்தார். கிரேக்க மொழியில் ‘கந்தக விருப்பன்’ என்ற பொருள்பட ‘பிலோதையோன்’ என்று அதற்குப் பெயரிட்டார். மிருகங்களின் உறுப்புகளிலும் அதனைக் கண்டார். ஆனால் தனியே பிரித்தெடுக்க அவரால் இயலவில்லை. பிரித்துக் காட்ட முடியாத பொருளை இரசாயன உலகம் அதிகம் மதிப்பதில்லை. ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் அப்பெயர் பழைய ஏடுகளிலேயே உறங்கிற்று.

அதனை எழுப்பியவர் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் பிரடெரிக் கௌலண்ட் ஹாப்கின்ஸ். இவர் பாலோடு தொடர்புடையவர் என்பது நம் கதைக்குப் பொருத்தமான செய்தி. தூய்மையாக்கிய மாவுப்பொருள், புரதம், கொழுப்பு, உப்பு ஆகியவற்றை மட்டும் உண்ட எலிக்குஞ்சுகள் வளராமல் நின்றுவிடுவதையும், அதே உணவோடு நாள்தோறும் சிறிதளவு பால் சேர்த்தால் அவை வளர்வதையும் 1912-இல் எடுத்துக் காட்டியவர் அவர். வைட்டமின் என்ற கருத்துக்கு அடித்தளமிட்ட ஆராய்ச்சிகளுள் அது ஒன்று. 1921-இல் ஹாப்கின்ஸ் ஈஸ்டிலிருந்தும் தசையிலிருந்தும் ஈரலிலிருந்தும் கந்தகம் அடங்கிய ஒரு சிறு பொருளைப் பிரித்தெடுத்தார். அது தானே பிராணவாயுவை ஏற்று மாறுவதும், உயிர்த் திசுக்களின் உதவியால் மீண்டும் பழைய நிலையை அடைவதுமாக இருந்தது. முன்னோடியை மறவாத பண்பினராகிய அவர், ‘தையோன்’ என்ற ஈற்றை அப்படியே வைத்துக்கொண்டு, அதற்குக் குளூட்டாதையோன் என்று பெயர் சூட்டினார்.

அப்பொருள் குளூட்டாமிக் அமிலம், சிஸ்டீன் என்னும் இரண்டு அமினோ அமிலங்கள் இணைந்த இரட்டை என்பது அவர் கணிப்பு. புகழின் உச்சியில் இருந்த ஆசிரியர் சொன்னது; உலகம் ஏற்றுக்கொண்டது. பாடநூல்களிலும் ஏறியது. ஆறு ஆண்டுகள் கழித்து, 1927-இல், கனடா நாட்டைச் சேர்ந்த ஹன்ட்டர், ஈகிள்ஸ் என்ற இருவர் ஒரு தடையை எழுப்பினர். ஹாப்கின்ஸ் முறைப்படியே செய்து பார்த்ததில், பொருளில் இருக்கவேண்டிய அளவு கந்தகம் இல்லை என்றனர். இரட்டையாக இருந்தால் இவ்வளவு கந்தகம் இருக்கவேண்டும் என்பது எளிய கணக்கு. கணக்கு உதைத்தது.

ஹாப்கின்ஸ் அப்போது அறுபது வயதைக் கடந்துவிட்டவர். மறுப்புக்கு மறுப்பு எழுதுவது அவருக்கு எளிது. அவர் அதைச் செய்யவில்லை. ஆய்வுக்கூடத்திற்குத் திரும்பி, தம் பழைய வேலையை முதலிலிருந்து செய்தார். இம்முறை செம்பு உப்பின் துணையால் தூய்மைப்படுத்தி, அப்பொருளைப் படிகமாகவே பெற்றார். படிகத்தைப் பகுத்தபோது கிளைசீன் என்ற மூன்றாவது அமினோ அமிலம் வெளிப்பட்டது. இரட்டை என்று எட்டு ஆண்டுகள் உலகம் நம்பியது உண்மையில் மும்மை. 1929-இல் ‘மறு ஆராய்ச்சி’ என்று தலைப்பிலேயே அறிவித்து அவர் இதனை வெளியிட்டார். அதே ஆண்டு அமெரிக்காவில் மேயோ மருத்துவ நிலையத்தைச் சேர்ந்த கெண்டாலும் அவர் தோழர்களும் தனியே முயன்று இதே முடிவுக்கு வந்தனர். 1935-இல் ஹாரிங்டன், மீட் என்ற இருவர் அப்பொருளைச் செயற்கையாக இணைத்துக் காட்டி ஐயத்தை முற்றிலும் நீக்கினர். ஹாப்கின்ஸுக்கு நோபல் பரிசு கிடைத்ததும் அதே 1929-இல்தான். பரிசு வைட்டமின் ஆராய்ச்சிக்காக. பரிசைக் காட்டிலும் அந்த மறு ஆராய்ச்சிக் கட்டுரையை நாம் உயர்வாக எண்ணுகிறோம்.

இந்தக் குளூட்டாதையோன் உடலில் என்ன செய்கிறது? நாம் உண்ட உணவு பிராணவாயுவோடு சேர்ந்து மெல்ல எரிவதாலேயே உடலுக்கு வெப்பமும் வலிமையும் கிட்டுகின்றன. அடுப்பு எரியும்போது பொறி தெறிப்பதைப் போல, அந்த எரிதலில் ஹைட்ரஜன் பெராக்ஸைடு முதலிய தீங்கு செய்யக்கூடிய பொருள்களும் உண்டாகின்றன. அவற்றை அவ்வப்போது அவித்துக்கொண்டே இருப்பதற்கு உயிரணுக்களுக்குள் ஏற்பாடுகள் உள்ளன. அவற்றுள் தலையாயது குளூட்டாதையோன். 1957-இல் கோர்டன் மில்ஸ் என்பவர், மாட்டின் சிவப்பணுக்களில் குளூட்டாதையோனைக் கொண்டு பெராக்ஸைடை அழிக்கும் நொதிப்பொருள் ஒன்றைக் கண்டார். இதற்கு உதவும்போது குளூட்டாதையோன் தன் ஹைட்ரஜனை இழந்து இரண்டிரண்டாகப் பிணைந்துவிடும். வேறொரு நொதிப்பொருள் அதனைப் பிரித்து மீண்டும் வேலைக்கு அனுப்பும். ஆகவே உடலின் பாதுகாப்பு, குளூட்டாதையோன் எவ்வளவு இருக்கிறது என்பதை மட்டும் பொறுத்ததன்று. பயன்பட்டதைப் புதுப்பிக்கும் வலிமையையும் பொறுத்தது.

இந்தப் பின்னைய உண்மையை மலேரியாக் காய்ச்சல் கற்பித்தது. இரண்டாம் உலகப் போரின் பின்னும் கொரியப் போர்க் காலத்திலும் அமெரிக்கப் படைவீரருக்குப் பிரைமாகுயின் என்னும் மருந்து கொடுக்கப்பட்டது. ஆப்பிரிக்க வழித்தோன்றல்களான வீரர் சிலருக்கு மட்டும் அம்மருந்தினால் சிவப்பணுக்கள் உடைந்து சோகை ஏற்பட்டது. காரணத்தைத் தேடியவர்கள் இல்லினாய் மாநிலச் சிறையின் கைதிகளைக் கொண்டு சோதனை நடத்தினர். இன்றைய நெறிமுறை அதனை ஒப்பாது. அவர்களுடைய சிவப்பணுக்களில் குளூட்டாதையோன் குறைவாக இருப்பதும், மருந்தை எதிர்த்து நிலைக்காமல் அழிவதும் தெரிந்தது. 1956-இல் கார்ஸனும் தோழர்களும் மூலகாரணத்தைக் கண்டனர். குளூட்டாதையோனைப் புதுப்பிக்க வேண்டிய ஹைட்ரஜனைச் சர்க்கரையிலிருந்து பெற்றுத் தரும் நொதிப்பொருள் ஒன்று அவர்களுக்குப் பிறவியிலேயே குறைவு. ஜி-6-பி-டி என்று சுருக்கமாக வழங்கும் இக்குறை இந்தியாவிலும் பல சமூகங்களில் உண்டு. மும்பையின் பார்சி மக்களிடையே கூடுதலாகவே காணப்படுகிறது. எத்தனை டப்பாப் பொடி உண்டாலும் இக்குறை தீராது. எண்ணெய் நிறைய இருந்தும் திரி இல்லாத விளக்கு அது.

எண்ணெய் எங்கிருந்து வருகிறது என்பது அடுத்த கேள்வி. 1950-களின் தொடக்கத்தில் கொன்ராட் பிளாக் என்ற அறிஞர், புறாவின் ஈரலிலிருந்து எடுத்த சாற்றைக் கொண்டு, உயிரணு குளூட்டாதையோனை இரண்டு படிகளில் கட்டுகிறது என்று நிறுவ வழிசெய்தார். முதற்படியில் குளூட்டாமிக் அமிலமும் சிஸ்டீனும் இணைகின்றன. இரண்டாம் படியில் கிளைசீன் வந்து சேர்கிறது. இம்மூன்றில் எளிதில் தட்டுப்படாதது சிஸ்டீன்தான். பின்னர் நியூயார்க்கில் ஆல்ட்டன் மைஸ்டர் என்பவர் இத்துறையையே தம் வாழ்நாட் பணியாக்கிக்கொண்டார். 1975-இல் அவர் கூடத்திலிருந்து வந்த ஒரு முடிவு நம் பொருளுக்கு மிகவும் இன்றியமையாதது. உயிரணுவில் குளூட்டாதையோன் போதிய அளவு சேர்ந்துவிட்டால், அதுவே முதற்படியின் நொதிப்பொருளை அடக்கி, மேலும் உண்டாவதைத் தடுத்துவிடுகிறது. குதிர் நிரம்பியதும் நெல் அளப்பவன் தானே மரக்காலைக் கீழே வைத்துவிடுவதைப் போன்றது இது. குறைந்திருக்கும் உடலில் மூலப்பொருள் கூடினால் உற்பத்தி கூடும். நிறைந்திருக்கும் உடலில் அதே அளவுக்குக் கூடாது. விளம்பரத்தில் இந்த இரண்டாம் பாதியை நாம் ஒருபோதும் கண்டதில்லை.

குறைந்திருக்கும் உடலுக்கு மூலப்பொருள் எவ்வளவு பெரிய உதவி என்பதையும் ஒளிக்காமல் சொல்லவேண்டும். நம் வீடுகளில் காய்ச்சலுக்கும் தலைவலிக்கும் விழுங்கும் பாரசிட்டமால் மாத்திரையை அளவுக்கு மிஞ்சி உட்கொண்டால் ஈரல் அழிகிறது. அம்மாத்திரையிலிருந்து பிறக்கும் நச்சுப்பொருளை ஈரலின் குளூட்டாதையோன் பிணைத்து வெளியேற்றுகிறது என்றும், இருப்புத் தீர்ந்தபின்னரே ஈரல் சேதமுறுகிறது என்றும் அமெரிக்க ஆராய்ச்சியாளர் 1973-இல் காட்டினர். குளூட்டாதையோனை நேராகக் கொடுத்தால் உயிரணுவுக்குள் எளிதில் புகாது. ஆகவே சிஸ்டீனாக மாறக்கூடிய அசிட்டைல்-சிஸ்டீன் என்னும் மருந்தைக் கொடுத்துப் பார்த்தனர். எடின்பரோவில் பிரெஸ்காட் என்ற மருத்துவர் 1977-இல் அதன் வெற்றியை வெளியிட்டார். இன்றும் உலகெங்கும் மருத்துவமனைகளில் அந்த மருந்தே உயிர்காக்கிறது. சில மணி நேரத்துக்குள் கொடுத்துவிடவேண்டும் என்பது மட்டுமே நிபந்தனை.

இப்போது முதல் ஆற்றுக்குத் திரும்புவோம். நூறு லிட்டரில் ஒரு கிலோவுக்கும் குறைவாகக் கரைந்துள்ள புரதத்தைக் காய்ச்சி எடுக்க முடியாது. காய்ச்சினால் புரதம் உருக்குலையும், எரிபொருளும் கட்டுப்படியாகாது. அதற்கு வழி கடல்நீரைக் குடிநீராக்கும் முயற்சியிலிருந்து வந்தது. லாஸ் ஏஞ்ஜலிஸ் நகரத்தின் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் சிட்னி லோப் என்பவரும், இந்தியாவில் பிறந்த ஸ்ரீநிவாச சௌரிராஜன் என்பவரும் 1960-ஆம் ஆண்டையொட்டி ஒரு புதிய வகைச் சவ்வை உருவாக்கினர். சௌரிராஜன் என்பது திருக்கண்ணபுரத்துப் பெருமாளின் திருநாமம் என்பதை நம் நேயர்களுக்கு எடுத்துரைக்க வேண்டியதில்லை. அவர்கள் செய்த சவ்வின் மேற்பரப்பு மிக மெல்லியதாகவும் நெருக்கமாகவும், அடிப்பகுதி தடித்துத் துளைகள் மலிந்ததாகவும் இருந்தது. அதனால் வடிகட்டும் நுட்பமும் குறையவில்லை, நீர் கடக்கும் வேகமும் குறையவில்லை. இதே அமைப்பில் சற்றே பெரிய துளைகளுள்ள சவ்வுகளைச் செய்தபோது, நீரும் உப்பும் சர்க்கரையும் கடந்துபோக, புரதம் மட்டும் தங்கிற்று. 1970-களில் பாலாடைக் கட்டி ஆலைகள் இதனைக் கைக்கொண்டன. ஆற்றை நஞ்சாக்கிய கழிவு, ஆலையின் இரண்டாவது வருவாயாக மாறியது.

இரு ஆறுகளும் கலந்த இடம் கனடாவின் மான்ட்ரியால் நகரம். அங்கே குஸ்தாவோ பௌனூஸ் என்ற மருத்துவரும் அவர் தோழர்களும் 1980-களில் சுண்டெலிகளுக்கு வெவ்வேறு புரதங்களை ஊட்டி, நோயெதிர்ப்புத் திறனை அளந்து வந்தனர். தெளிநீர்ப் புரதம் உண்ட எலிகள் கேசீன் உண்டவற்றைவிடச் சிறந்து விளங்கின. காரணம் தேடியவர்கள் சிஸ்டீனிடம் வந்து சேர்ந்தனர். கேசீனில் சிஸ்டீன் மிகக் குறைவு. தெளிநீரின் ஆல்பா-லாக்டால்புமின் என்னும் புரதத்தில் 123 அமினோ அமிலங்களுக்கு எட்டு சிஸ்டீன். அதிலுள்ள சீரம் ஆல்புமினிலோ முப்பத்தைந்து. இவை பெரும்பாலும் இரண்டிரண்டாகப் பிணைந்து நிற்பவை. அந்நிலையில் உயிரணுவுக்குள் எளிதாகச் செல்லும் என்பது அவர்கள் கருத்து. 1989-இல், தெளிநீர்ப் புரதம் உண்ட எலிகளின் திசுக்களில் குளூட்டாதையோன் மிகுந்திருந்ததை அவர்கள் வெளியிட்டனர். இதன் அடிப்படையில் காப்புரிமையும் வந்தது, விற்பனைப் பொருளும் வந்தது.

மனிதரிடத்தில் செய்த சோதனைகள் அளவில் சிறியவை. 1993-இல் எச்.ஐ.வி. தொற்றுடைய மூவரிடம் முதல் முயற்சி நடந்தது. மூவர் என்பதைக் கவனிக்க. 1999-இல் மான்ட்ரியாலிலேயே இளவயதினர் சிலருக்கு மூன்று மாதம் நாள்தோறும் 20 கிராம் கொடுத்துப் பார்த்ததில், இரத்த வெள்ளணுக்களில் குளூட்டாதையோன் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு உயர்ந்தது. 2001-இல் ஜெர்மனியில் எச்.ஐ.வி. தொற்றுடைய முப்பதின்மரிடம் இரண்டு வாரச் சோதனையிலும் இரத்த நீரில் உயர்வு தெரிந்தது. 2011-இல் அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில், முதியோருக்குக் குளூட்டாதையோன் உற்பத்தியே மந்தப்படுகிறது என்றும், சிஸ்டீனையும் கிளைசீனையும் சேர்த்துக் கொடுத்தால் அது சீராகிறது என்றும் கண்டனர். அதில் பயன்படுத்தியது தெளிநீர்ப் பொடி அன்று. இவை பொய்யான ஆராய்ச்சிகள் அல்ல. அளவுமானியில் ஓர் எண் உயர்ந்தது என்பது மெய். அந்த எண் உயர்ந்ததால், நன்றாக உண்டு உலாவும் ஒருவருக்கு நோய் குறையும், ஆயுள் நீளும் என்று சொல்லுவதே ஆராய்ச்சி கடக்காத ஆற்றைக் கடந்துவிட்டதாகச் சொல்லுவதாகும்.

எண்ணை நம்பி ஏமாந்த வரலாறு நமக்கு முன்னமே உண்டு. பின்லாந்து நாட்டில் புகைபிடிக்கும் ஆடவர் 29,133 பேரைக் கொண்டு பல ஆண்டுகள் ஒரு பெருஞ்சோதனை நடந்தது. காரட்டுக் கிழங்கின் நிறப்பொருளாகிய பீட்டா-கரோட்டீன் ஆக்ஸிஜனேற்றத்தைத் தடுப்பது. ஆகவே நுரையீரல் புற்றுநோயையும் தடுக்கும் என்று எதிர்பார்த்தனர். 1994-இல் முடிவு வெளியானபோது, அதை மாத்திரையாக உண்டவருக்கு அந்நோய் 18 சதவீதம் கூடியிருந்தது. 2009-இல் ஜெர்மனியின் யேனா நகரிலிருந்து வந்த ஆராய்ச்சி இன்னும் நுட்பமானது. தேகப் பயிற்சி செய்யும்போது பிராணவாயுவின் பொறிகள் சற்று மிகும். அந்த மிகுதியே உடலின் சொந்தத் தடுப்பு நொதிப்பொருள்களைத் தட்டி எழுப்பும் ஆணையாகிறது. நான்கு வாரம் பயிற்சியோடு வைட்டமின் ‘சி’, ‘ஈ’ மாத்திரைகளை மிகுதியாக உண்ட இளைஞர்களுக்கு அந்த எழுச்சி நிகழவில்லை. வெறும் பயிற்சி மட்டும் செய்தவர்களுக்கு நிகழ்ந்தது. தெளிநீர்ப் புரதம் அந்த மாத்திரைகளைப் போன்றதன்று. அது உணவுப் புரதம். எனினும், பயிற்சிக்கூடத்திற்குச் செல்லும் நம் பிள்ளைகள் ஒரு கையில் புரதப் பொடியும் மறு கையில் இத்தகைய மாத்திரைகளுமாக நிற்பதைக் காணும்போது யேனாவின் முடிவு நினைவுக்கு வருகிறது. உடலின் இயல்பான உற்பத்தியைப் பெருக்கும் பொருள்களுள் நன்கு நிரூபிக்கப்பட்ட ஒன்று அவர்கள் சிந்தும் வியர்வையே. அதற்குத் தனி விலை இல்லை.

மீண்டும் கொல்கத்தாக் கடைக்கு வருவோம். சானாவும் பனீரும் செய்யும்போது பாலைக் கொதிக்கவைத்தே திரிக்கிறோம். அந்தச் சூட்டில் தெளிநீர்ப் புரதங்களில் பெரும்பகுதி உருமாறிக் கேசீனோடு ஒட்டிக்கொள்கிறது. எனவே வடிந்துபோகும் நீரில் புரதம் சொற்பம். அது ரசகுல்லாவுக்குள்ளும் பனீருக்குள்ளுமே தங்கிவிட்டது. பாலைக் கொதிக்கவிடாமல் மிதமான சூட்டில் உறைநொதி இட்டுத் திரிக்கும் மேல்நாட்டுப் பாலாடைக் கட்டியில்தான் புரதம் நீரோடு போகிறது. நம் தயிரிலோ எதுவும் வடிவதேயில்லை. வீட்டில் உறை ஊற்றிய ஒரு கிண்ணம் தயிரில் கேசீனும் உண்டு, தெளிநீர்ப் புரதமும் உண்டு. சூட்டால் புரதத்தின் உருவம் மாறினாலும் சிஸ்டீன் பெரும்பாலும் அழிவதில்லை. ஈரல், மெத்தியோனைன் என்ற மற்றொரு கந்தக அமினோ அமிலத்திலிருந்தும் சிஸ்டீனை ஆக்கிக்கொள்கிறது. முட்டை, மீன், எள், தானியங்கள் ஆகியவை அதைத் தருகின்றன. பருப்பில் அது குறைவு. அரிசியோ கோதுமையோ சேரும்போது குறை நிரம்புகிறது. பொடி தீயது என்று நாம் கூறவில்லை. நோய்வாய்ப்பட்டு உண்ண இயலாதவருக்கும், முதுமையில் உணவு சுருங்கியவருக்கும் மருத்துவர் அதனைப் பரிந்துரைப்பதுண்டு. சிறுநீரக நோயுடையார் மருத்துவரைக் கேளாமல் தொடுதல் ஆகாது.

ஐதராபாத்தில் வாழும் நேயர்கள் தார்னாகாப் பக்கம் செல்லும்போது தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தைக் கண்டிருப்பார்கள். 1918-இல் நீலகிரியின் குன்னூரில், பெரிபெரி நோயை ஆராய ராபர்ட் மக்கரிஸன் ஓர் அறையில் தொடங்கிய பணியே வளர்ந்து, 1958-இல் ஐதராபாத்துக்குக் குடிபெயர்ந்தது. நம்மைப் போலவே ஊர்விட்டு ஊர் வந்த நிறுவனம் அது. மக்கரிஸன் குன்னூரில் செய்தது, இந்தியாவின் பல பகுதி மக்களும் உண்ணும் உணவையே எலிகளுக்குத் தனித்தனியே ஊட்டிப் பார்ப்பது. முழுக்கோதுமை ரொட்டி, பால், தயிர், பருப்பு, காய்கறி ஆகியவற்றை உண்ட எலிகள் செழித்தன. தீட்டிய அரிசியை மிகுதியாகவும் பாலைக் குறைவாகவும் உண்டவை பின்தங்கின. அந்நிறுவனம் 2024-ஆம் ஆண்டு மே மாதம் வெளியிட்ட உணவு நெறிமுறைகளில், உடலைக் கட்டுவதற்காகப் புரதப் பொடிகளை உண்பதைத் தவிர்க்குமாறு அறிவுறுத்தியிருக்கிறது.